கூடுதல் கட்டம்

காலை ஆறு மணி. தலைப்பில் தண்ணீர் நாலே கால் அடி.
நான்: ஏழு.

அரசாங்கப் பதிவேட்டில் என்னை எழுத இடமில்லை.
ஸ்கேல் வைத்து ஓரத்தில் ஒரு கோடிழுத்து
நானே கட்டம் போட்டுக்கொண்டேன்.
மன்னார்குடி ஆஸ்பத்திரியில் ஜெசிந்தா சிஸ்டர் சொன்னது:
'உடம்பு கேக்கும்போதெல்லாம் எவ்வளவு கேக்குதுன்னு
பத்துக்கு மார்க் போட்டு எழுதுங்க.'
வீட்டில் நோட்டு இல்லை. இங்கே இருந்தது.

ஒன்பது வருஷம்.
சந்தோஷத்துக்கு ஆரம்பிக்கவில்லை.
ஷட்டர் அறையில் இரவு ரொம்ப நீளம்.
கோரையாற்றுக்கு எவ்வளவு, பாமணிக்கு எவ்வளவு என்று
போன் வரும்வரை தவளையைத் தவிர ஆளில்லை.
சிங்காரவேலுதான் முதல் பொட்டலத்தைப் பிரித்தான்.
'மூலிகைடா இது. சாராயம் மாதிரி பிடிச்சுக்காது.'
மூன்று பேருக்கு ஒன்று என்றிருந்தது
ஆளுக்கு மூன்றானது.
அப்புறம் பல் துலக்கும் முன்.
பிடித்துக்கொள்ளாது என்பதை மட்டும்
கடைசிவரை நம்பினேன்.

நிறுத்திய மூன்றாம் நாள்
இட்லி வைக்கோலாக இருந்தது.
சட்னியில் உப்பு என்று தட்டை எறிந்தேன்.
தையல்நாயகி எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள்,
ஒரு வார்த்தை பேசவில்லை.
உப்பு சரியாகத்தான் இருந்தது என்று
ராத்திரி ரெண்டு மணிக்கு உறைத்தது எனக்கு.
போர்வையைப் பிழியலாம், அவ்வளவு வேர்வை.

கை நடுங்கவில்லை சிஸ்டர், தூக்கம்தான் நடுங்குது.
'அப்படித்தான் இருக்கும். ரெண்டு வாரம், சிலருக்குக் கூடவே.
கொழுப்புல ஒதுங்குனது மெள்ளத்தான் வடியும்.'
இதை எனக்கு விளக்க வேண்டியதில்லை.
மேட்டூரில் மூடிய பிறகும்
முத்துப்பேட்டைப் பக்கத்து வாய்க்காலில்
எத்தனை நாள் கசியும் என்று என்னைக் கேளுங்கள்.

கனவு வேறு.
ஒன்பது வருஷம் ஒன்றும் வராத கண்ணில்
ஜூன் மாதப் புதுத்தண்ணி மாதிரி வந்தது.
நுரை, ஒற்றைச் செருப்பு, வாழைச்சருகு,
யாரோ போட்டுக் கழற்றிய மாலை.
செத்துப்போன தம்பி முழங்கால் ஆழத்தில் நின்று
'தூக்குண்ணே' என்றான்.
நாலாவது ஷட்டர்.
அதற்குத் திருகே இல்லை.

'ஆசை வந்தா இருபது நிமிஷம் சும்மா நில்லுங்க. தானா போயிடும்.'
இதற்கு மட்டும் சிரித்துவிட்டேன்.
நான் நீடாமங்கலத்துக்காரன் சிஸ்டர்.
ரயில்வே கேட்டில், கூட்ஸுக்கு எஞ்சின் மாற்றும் வரை,
பாதி ஆயுசு நின்றவன்.

அன்று சாயங்காலமே ஒன்பதுக்கு ஏறியது.
கேட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டியவன் போல நின்றேன்.
கடலை விற்பவன்கூட வரவில்லை.
முப்பத்தைந்து நிமிஷம். அவர் கணக்கு தப்பு.
ஆனால் திறந்தது.

ஏ.ஈ. வந்து பதிவேட்டைப் புரட்டினார்.
'இதென்னய்யா கூடுதல் கட்டம்? எந்த வாய்க்கால்?'
வாய்க்கால் இல்ல சார்.
என் முகத்தைப் பார்த்தார். கொஞ்சம் இளைத்த முகம்.
விரல் கீழே இறங்கிக்கொண்டே போனது
ஏழு, எட்டு, எட்டு, ஆறு, ஒன்பது, ஐந்து.
சுருக்கொப்பம் போட்டார், என் கட்டத்தையும் சேர்த்து.
ஜீப் கிளம்பும்போது தலையை நீட்டி,
'வியாழக்கிழமை ஏன் ஏறுச்சு?'
சிங்காரவேலு வந்திருந்தான் சார்.
மேட்டூரில் திறந்தது எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது போலத்
தலையாட்டிவிட்டுப் போனார்.

நாற்பத்தோராம் நாள். காலை ஆறு.
தண்ணீர் மூன்றே முக்கால். நான்: மூன்று.
மாலை ஆறு. தண்ணீர் அதே.
நான்: எட்டு.
காரணம் தெரியவில்லை என்று எழுதினேன்.
அடித்துவிட்டு வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

பாலத்தில் பைக் வந்து நிற்கிறது.
ஹாரன் மூன்று தடவை. அவன் வழக்கம் அது.
கைக்கடிகாரத்தைப் பார்க்கிறேன்.
ஆறு பத்து.