பி.எச். ஐந்தரை

குன்னூரிலிருந்து பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
முழங்காலைத் தாண்டாத ஜாதி.
வருசத்துக்கு ஒரு விரற்கடை வளரும்,
இலை உதிர்க்காது என்றார் நர்சரிக்காரர்.
எந்த ஊருக்கு என்று கேட்டார்.
பாளையங்கோட்டை என்றேன்.
நோட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டு
ஒருதடவை என்னைப் பார்த்தார்.
பிறகு எண்ணி முடித்தார்.

ரோடோடென்ட்ரான்.
கீழ்வீட்டு ஞானதிரவியம் சாருக்கு வாயில் நுழையவில்லை.
ரோட்டோரம் எப்படியிருக்கு என்பார்,
படியேறும்போதெல்லாம்.
ரோட்டோரம் நல்லாயிருக்கு சார்.

இல்லை.
பெருமாள்புரத்து போர் தண்ணீர்
குழாய் வாயில் வெள்ளைப் பல் முளைக்கவைக்கும் தண்ணீர்.
ஒரே மாசத்தில் இலைநுனி கருகியது.
அப்புறம் இலையே வெளுத்து
நரம்பு மட்டும் பச்சையாய் நின்றது.
எனக்குத் தெரிந்த வெளுப்பு அது.
ஷிப்டு தவறாமல்
யாரோ ஒருவரின் கீழிமையை இழுத்துப் பார்க்கிறேன்.
மண்ணில் இரும்பு இருக்கிறது.
எடுத்துக்கொள்ளத்தான் முடியவில்லை.

நான் டயாலிசிஸ் டெக்னீசியன்.
ஒரு ஆளின் ரத்தத்தை நாலு மணி நேரம் கழுவ
நூற்றிருபது லிட்டர் வேண்டும்,
உப்பு நீக்கி, சுண்ணாம்பு நீக்கி,
ஆறு என்ற ஞாபகமும் நீக்கிய தண்ணீர்.
சனிக்கிழமை ராத்திரி
அதில் இரண்டு பாட்டில் கைப்பையில் வைத்தேன்.
திருட்டுதான்.
வீட்டில் நாலு சொட்டு எலுமிச்சை விட்டு
தாளை நனைத்தேன்.
ஐந்தரை.
அன்றைக்கு வேறெதுவும்
சொன்னபடி கேட்கவில்லை.

வேரைக் கிளறக் கூடாது. மேலாகவே படுத்திருக்கும் வேர்.
ஊசியிலைச் சருகுக்கு நான் எங்கே போவேன்?
உவரியில் அக்கா வீட்டுக்குப் போனபோது
ஒரு சாக்கு சவுக்குச் சருகு அள்ளிவந்தேன்.
கிழக்கு வெயில் ஒன்பது மணிவரை.
அப்புறம் என் பழைய காட்டன் சேலை,
நாலாக மடித்து, கம்பிக்குக் கம்பி.

நாலாம் நம்பர் படுக்கை மைதீன் பிச்சை
போனில் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தார்.
"இதுக்கு ஒருநாளைக்கு எவ்வளவு தண்ணி?"
அரை லிட்டர்.
"எனக்கு முக்கால்" என்றார்,
சொத்தில் கூடுதல் பங்கு வந்தவர் போல.

கார்த்திகையில் மூன்று மொட்டு,
அவரை விதைத் தடிமன்.
அடைமழை முழுக்க அப்படியே.
மார்கழியிலும் அப்படியே.
விடியற்காலை இருபத்திரண்டு டிகிரி.
போர்வை தேடுகிறோம் நாம்.
இது இன்னும் குளிரவில்லை என்கிறது.

சொல்லியிருக்கக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.
மறுநாள் மேலப்பாளையத்திலிருந்து
மைதீன் பிச்சை மகன் வந்தான், டிவிஎஸ் பின்னால்
உமி மூடிய பார் ஐஸ்.
"வாப்பா தரச் சொன்னாவ."
பத்து நாள் வந்தான்.
ராத்திரியில் தொட்டியைச் சுற்றி அடுக்குவேன்.
காலையில் பால்கனி வழியாகச் சொட்டி
சாரின் காயப்போட்ட வேட்டி நனைந்திருக்கும்.
ரோட்டோரம் ஒழுகுதும்மா.

தாகத்துக்கு அவருக்கும் அதுதான்.
தண்ணீர் கூடாது, மணிக்கு ஒரு துண்டு ஐஸ்,
கடிக்காமல், நாக்கின் கீழே.
ஒரே பாரில் உடைத்ததாக இருக்கலாம்.

இரண்டு மொட்டு கருகி விழுந்தது.
மூன்றாவது, மாசி எட்டாம் தேதி,
பக்கவாட்டில் ஒரு கீறல் மட்டும் விட்டது.
முழுக்க விரியவில்லை. விரியும் என்றும் சொல்லமாட்டேன்.

"என்ன நிறம்?"
ஊசியைக் குத்துமுன் கேட்டார்.
ஊதா இல்லை. நீலமும் இல்லை.
நாவப்பழம் தின்ற நாக்கு பார்த்திருக்கீங்களா என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
அவருக்கு அந்தப் பழம் கூடாது.
அவர் யோசித்தார்.
பிறகு பள்ளிக்கூடத்துப் பையன்போல
நாக்கை நீட்டிக் காட்டினார்.
வெளுத்த நாக்கு. அதன் நடுவில்
பாதி கரைந்த ஐஸ்.