வாலிநோக்கத்தில் உப்பு இல்லாமல்

திங்கள் ரசம். செவ்வாயும் அதே ரசம்.
புதனன்று அதில் கொஞ்சம் பருப்பைக் கடைந்துவிட்டு
சாம்பார் என்று சொல்லிக்கொள்வேன்.
தனியாகச் சமைப்பவளை
யாரும் திருத்துவதில்லை.

சாயல்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ஒற்றை அறை, ஒற்றை அடுப்பு.
பகலெல்லாம் அடுத்தவர்களின் வாரிசுச் சான்றிதழை
ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு
இரவில் வெங்காயம் உரிக்கையில்தான்
விரல்கள் எனக்குத் திரும்பக் கிடைக்கும்.

வியாழன் மாலையே ஹபீபா கேட்பாள்:
"இந்த வாரம் எங்கடி?"
எங்கே என்றால்
என்ன சமைக்கப்போகிறோம் என்று அர்த்தம்.
மூக்கையூர் என்றால் கணவாய்.
கீழக்கரை என்றால் சமையலே வேண்டாம்,
அவள் மாமி வீடு இருக்கிறது,
தொதல் இல்லாமல் அனுப்பமாட்டார்கள்.
வாலிநோக்கம் என்றால்
மீனை அங்கேயே வாங்கி
மணலிலேயே குழம்பு.

சனி இரவு முண்டு மிளகாய் வறுத்தேன்,
மல்லி, சீரகம், கடைசியில் நாலு வெந்தயம்.
பக்கத்து அறை கணக்கு வாத்தியார்
இரண்டு முறை தும்மிவிட்டுச் சுவரைத் தட்டினார்.
நாளைக்கு உங்களுக்கும் ஒரு கிண்ணம் என்று
சுவரிடம் சொன்னேன்.

இரண்டு ஸ்கூட்டி, நான்கு பேர்.
ரெக்ஸ்லின் மடியில் சட்டி.
தவசுக்கனி தோளில் அரிசிப் பை.
வழியெல்லாம் பனை, பனைக்கு நடுவே காற்று,
காற்று முழுக்க ஹபீபாவின் துப்பட்டா
என் முகத்தில்.

ஊடகம் கேட்டோம், ஓரா கிடைத்தது.
மூன்று கல், கருவை விறகு,
புளி கரைத்தாயிற்று,
தக்காளியைக் கையாலேயே பிசைந்தாயிற்று,
குழம்பு நுரைகட்டி வரும்போது
ரெக்ஸ்லின் கேட்டாள்:
"உப்பு?"

பையை உதறினோம்.
வண்டிப் பெட்டியில் மழைக்கோட்டு,
மங்கிப்போன பெட்ரோல் ரசீது,
உருகிய சாக்லேட் ஒன்று.
இந்தப் பக்கம் கடல்.
அந்தப் பக்கம் உப்பளம், வெள்ளை வெள்ளையாகக் குவியல்,
ஞாயிற்றுக்கிழமை, கேட்டில் பூட்டு.

தவசுக்கனி ஒரு டம்ளர் கடலை மொண்டு வந்தாள்.
"இதுவும் அதுதானே."
கொஞ்சம் ஊற்றினோம்.
கசந்தது. பல்லில் மணல்.
உப்பாக மாறுவதற்குக் கடலுக்கு
இன்னும் நிறைய வேலை பாக்கி இருக்கிறது போல.

தள்ளி ஒரு கூட்டம் இருந்தது.
போய்க் கேட்க என்னைத்தான் அனுப்பினார்கள்.
கமுதியிலிருந்து லோடு ஆட்டோவில் வந்தவர்கள்,
அண்டாவைச் சுற்றிப் பதினோரு பேர்,
ஒருவன் மட்டும் கோபித்துக்கொண்டு
கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.
உப்பு கேட்டேன்.
அத்தனை பேரும் சிரித்தார்கள், கோபித்தவன்கூட.
"அண்டாவோட எடுத்துக்க தாயி,
ரெண்டு தடவை போட்டுட்டான் இந்தப் பய,
அதான் இங்க சண்டையே."

உப்பைக் கைக்குக் கை வாங்கினால்
சண்டை வரும் என்பார்கள்.
இங்கே சண்டை முதலில் வந்துவிட்டது.

"கறியா?" என்றாள் ஹபீபா, சந்தேகமாக.
கருவாடுகூட இல்லை, வெறும் தக்காளிச் சோறு.
உப்பு கூடிய அவர்கள் சோற்றில்
உப்பில்லாத எங்கள் குழம்பை ஊற்றிப் பிசைந்தோம்.
முதல் கவளத்தில் யாரும் பேசவில்லை.
இரண்டாவதில் கோபித்தவன்
தட்டைத் திருப்பிக்கொண்டு கடல் பக்கம் உட்கார்ந்தான்.
அவன் பெயர் முருகவேல், போர்வெல் வண்டி ஓட்டுகிறான்,
மீன் தலையை மட்டும் கேட்டு வாங்கினான்.
ரெக்ஸ்லின் அவன் எண்ணைக்
"கமுதி உப்பு" என்று பதிந்துகொண்டாள்.
எதற்கு என்றோம்.
"போர் போடணும்னா?" என்றாள்.
அவள் இருப்பது வாடகை வீடு, மூன்றாவது மாடி.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது.
சட்டியில் கறிவேப்பிலை ஒன்று ஒட்டியிருந்தது,
தலைமுடிக்குள் பாதிக் கடற்கரை.
கதவைச் சாத்திய உடனே
சுவர் இரண்டு முறை தட்டியது.

கிண்ணம்.

திங்கட்கிழமை ரசத்தை
ஞாயிறு இரவே கூட்டி வைத்தேன்.
பூண்டைக் கூடவே தட்டிப் போட்டு
வாசலில் அவரிடம் நீட்டிவிட்டு
உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் யோசிக்கிறேன்,
உப்பு போட்டேனா?

சுவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.