இரண்டு வாளி

செவ்வாய், வியாழன், சனி.
யாரோமீருக்கு நீர் மாற்றும் நாட்கள்.
அப்படித்தான் சொல்வார் அவர்,
ரத்தம் என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை.
நான்கு மணி நேரம், ஜன்னலோர நாற்காலி.
வெளியே ஓஸ்த்ராவாவின் பழைய உலைக்களம்,
புகை நின்றுபோன புகைபோக்கிகள்.

"உன் பவளங்களுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை, சிஸ்டர்?"
பதினைந்து நாளைக்கு ஒருமுறை.
இருநூறு லிட்டரில் இருபது. இரண்டு வாளி.
"கொடுத்து வைத்தவை," என்றார்.

இந்த ஊரிலிருந்து எந்தப் பக்கம் போனாலும்
கடலுக்கு ஒரு பகல் முழுக்க ரயில்.
ஆகவே என் கடலை நானே கரைக்கிறேன்.
வெள்ளி இரவு, குளியலறையில்,
எல்லாம் வடிகட்டிய வெறும் நீரில்
கிலோவுக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு.
விடிய விடியச் சின்ன பம்பு ஒன்று
அதைச் சுற்றவைக்கும்.
கலங்கல் தெளியாமல் ஊற்றக்கூடாது,
குளிர் விடாமல் ஊற்றக்கூடாது.

முதல் வருடம் வாரம் தவறாமல் மாற்றினேன்,
பயத்தில்தான்.
சோதனைக் குப்பியில் நைட்ரேட் நிறமே காட்டவில்லை,
எனக்கோ பெருமை தாளவில்லை.
பவளங்கள் வெளுத்துப்போய் நின்றன,
பளபளவென்று துடைத்த வீட்டில்
சாப்பிட்டாயா என்று யாரும் கேட்காத
விருந்தாளிகள் போல.

பிறகு அந்தக் குளிர்காலம்.
ஊரெல்லாம் காய்ச்சல், வார்டில் ஆளில்லை, எனக்கு இரட்டை ஷிப்ட்.
ஏழு வாரம் வாளியைத் தொடவில்லை.
வற்றிய அளவுக்கு நன்னீர் மட்டும் ஊற்றி வைத்தேன்
(நீர் கிளம்பிப் போகும், உப்பு போகாது).
ஐந்தாம் வாரம் வரை கொழுத்துச் செழித்தது எல்லாம்.
சுத்தியல் பவளம் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து ஆடியது.
அட, இத்தனை நாள் நான்தான் தொந்தரவா
என்றுகூட நினைத்தேன்.
ஏழாம் வாரம் கண்ணாடியில் பாசி.
குப்பியில் பீட்ரூட் சாறு.

ஞாயிற்றுக்கிழமை பதறிப்போய்
பாதித் தொட்டியை ஒரே மூச்சில் மாற்றினேன்.
புதன்கிழமை சுத்தியல் பவளம்
சதை கழன்று, எலும்பாக நின்றது.

வியாழனன்று யாரோமீரிடம் சொன்னேன்.
தன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"சனிக்குப் பிறகு செவ்வாய். நடுவில் இரண்டு நாள்.
ஊதிப்போய் வருகிறேன், நீங்களும் சேர்த்து இழுக்கிறீர்கள்.
செவ்வாயன்றுதான் எனக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.
அதற்கும் எங்கேயோ பிடித்திருக்கும்."

இப்போதெல்லாம் நாட்காட்டியில் வட்டம் போடுவதில்லை.
பதினொன்றோ, பதினாறோ,
குப்பி வெளிறச் சிவந்தால் சரி.
எந்த நாளானாலும் இரண்டு வாளிதான்,
தப்புச் செய்திருந்தாலும் இரண்டு வாளி.

மார்ச்சில் ஒரு ஞாயிறு பார்க்க வந்தார்.
மூன்று மாடி, ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று.
நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் அவர் கணக்கு,
சூப்பும் அதில் அடக்கம்.
அப்படிப்பட்டவரை
இருநூறு லிட்டருக்கு எதிரே உட்காரவைத்துவிட்டேனே
என்று எனக்கு உறுத்தியது.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
நெடுநேரம் பார்த்தார்.
"குடிக்க முடியாத தண்ணீர்," என்றார்.
"இதன் பக்கத்தில் இருப்பது நிம்மதி."

வாளியை எடுத்தேன். குழாய் முனையை அவர் வாங்கிக்கொண்டார்,
பழைய டிரைவர், டீசல் உறிஞ்சிப் பழகிய வாய்.
வேண்டாம் என்பதற்குள் உறிஞ்சிவிட்டார்.
இருமினார், துப்பினார், கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.
என் கம்பளத்தில் ஒரு கையகலக் கடல்.
"இதைச் சீட்டில் எழுதிவிடாதே, சிஸ்டர்."

செவ்வாயன்று எடை பார்த்தேன்.
இரண்டு கிலோ எண்ணூறு, கூட.
துப்பியது போக எவ்வளவு என்று கேட்டேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
எழுதினேன்.