வியாழன்வரை

எங்கள் ஊர் வருகிறதென்றுதான்
டிக்கெட் எடுத்தாள் ஒர்னெல்லா.
'திரியெஸ்தே, 1896, பிப்ரவரி'
என்று பொன்னெழுத்தில் போட்டார்கள்.
துறைமுகத்தில் நின்ற சீமாட்டிகளின்
தொப்பி ஒன்றுகூட அசையவில்லை.
போரா வீசாத பிப்ரவரி!
பின்வரிசையில் ஒரு கிழவர் வாய்விட்டுச் சிரித்தார்.
சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான்
அவரும் தியேட்டருக்கு வந்து சேர்ந்திருப்பார்.

அப்புறம் மேதைகள் வந்தார்கள்.
ஒவ்வொருவரும் வாசலிலேயே நின்று
முழுப்பெயரையும் புகழையும் சொல்லிவிட்டுத்தான்
கோட்டைக் கழற்றினார்.
"நீங்கள்தானே அந்தச் சிற்பி?"
"அந்த ஓபெராவை எழுதியவர் நீங்கள்தானே?"
எவருக்கும் வாடகை பாக்கியில்லை.
எவர் விரலிலும் மைக்கறை இல்லை.
ஓவியர் ஒத்தீலியாவின் கன்னத்தில் மட்டும்
ஒரே ஒரு சொட்டு நீலம்,
மேக்கப்காரர் வைத்த திருஷ்டிப் பொட்டு.

இசை மேதை ஆல்விசே கொர்டான் இருமினான்.
அடுத்து ரத்தம் என்பது எங்களுக்குத் தெரியும்.
கைக்குட்டைக்கும் தெரிந்திருந்தது,
வெள்ளை வெளேரென்று தயாராக வந்திருந்தது.
"உங்கள் மௌனத்தை வரைய என்னிடம் நிறமில்லை"
என்றாள் அவள்.
ஒர்னெல்லா என் தொடையைக் கிள்ளினாள்.
எண்பது மெழுகுவத்திகள் எரிந்தன,
ஒன்றுகூட உருகாமல்.

பியானோவின் முன் அவன் உட்கார்ந்தான்.
நடிகரின் தாடை, நடிகரின் ஈரக்கண்,
நடிகரின் தோள்.
பிறகு கைகள்.

துல்லியோவின் கைகள்.

இடது கட்டைவிரலில் அந்த வடு:
மத்தி மீன் டப்பா, திறப்பான் வாங்காத முதல் வீடு.
கடித்த நகங்கள்.
எதற்கோ கோபித்துக்கொண்டதுபோல் ஒதுங்கும் சுண்டுவிரல்.
பதினோரு வருஷம் என் மேசையில் ரொட்டி பிட்டவை
லேஸ் வைத்த சட்டைக்குள்ளிருந்து நீண்டு
இன்னொருத்தனின் மேதைமையை வாசிக்கின்றன.

நாலாவது ஸ்வரத்துக்கு முன் சற்று நின்றன.
நிற்கும்.
விளக்கை அணைக்குமுன், என் முதுகைத் தொடுமுன்,
நோட்டரியின் மேசையில் கையெழுத்துக்கு முன்கூட
அரை நொடி நின்றன.
அதை வெட்டியெறிய மறந்திருந்தார்கள்.

அப்புறம் ஒத்தீலியாவின் உதடு. வயலின்கள். பஞ்சுப் பனி.
நல்ல வெளிச்சத்தில் ஒரு சாவு.

"உலக மகா குப்பை" என்றாள் ஒர்னெல்லா.
குப்பைதான் என்றேன்.
பெயர்கள் ஓடத் தொடங்கியும் நான் எழவில்லை.
குதிரைகள், விக், விக் உதவி, வண்டிச் சக்கரம்…
எறும்பெழுத்தில் எங்கோ அவன் இருக்கலாம்.
துடைப்பத்தோடு வந்த பையன்
விளக்கைப் போட்டுவிட்டான்.

வெளியே போரா என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது.
திட்டிக்கொண்டே ஒர்னெல்லா பின்னால் ஓடினாள்.
நான் டிக்கெட் ஜன்னலில் குனிந்து
அடுத்த வாரமும் ஓடுமா என்று கேட்டேன்.
"இந்தப் படமா?" என்று
என்னை ஏற இறங்கப் பார்த்தாள் அந்தப் பெண்.
"வியாழனோடு சரி."

இன்று செவ்வாய்.