ஏழாவது மாடிக் காற்று

மூன்றாம் முறையாக
மெழுகுவத்தியைக் கொளுத்திவிட்டுப் போகிறான்
பிஜேஷ் என்று சட்டையில் பேர் குத்திய பையன்.
வாளையாறு தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழையும்
மார்கழிக் காற்றுக்கு
ஓட்டலின் நட்சத்திரம் தெரியுமா என்ன.

உன் கைத்துணி பறந்து
பக்கத்து மேசைக்காரர் சூப்பில் விழுந்தது.
‘சாரமில்ல’ என்றார்.
சாரமெல்லாம் அவர் சட்டையில்.

பதினோரு நாள் பேசாதவள்
சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தாய்.
புரையேறியது.
எட்டித் தலையில் தட்டி
‘யாரோ நினைக்கிறாங்க’ என்றேன்.
‘எதிர்ல உக்காந்துகிட்டா?’
கண்ணெல்லாம் நீர் உனக்கு.

திரி மறுபடி அணைந்தது.
நாம் கூப்பிடவில்லை,
பிஜேஷும் வரவில்லை.

கைப்பேசி வெளிச்சத்தில்
விலைகளை மட்டும் படித்துவிட்டுச் சொன்னாய்:
ஒரு கரிமீன் போதும்.
முள்ளை நீ எடுத்துத் தா.