பால்வெட்டு இல்லாத நாள்

மூன்று நாளாகக் கத்தி ஆணியில் தொங்குகிறது.
ஐப்பசி மழை.
பட்டை நனைந்தால் பால் வழி தவறும்,
சிரட்டைக்குப் போகாமல்
தடியெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போகும்.
பொன்மனை முழுக்க வெட்டுக்காரர்களுக்கு விடுமுறை,
கூலி இல்லாத விடுமுறை.

விடிய நாலு மணிக்கு போன்.
எனக்கு வெள்ளிக்கிழமை பிறந்துவிட்டது,
ஜஸ்டஸுக்கு வியாழன் இப்போதுதான் இருட்டுகிறது.
"கப்பல் நகரல்ல," என்கிறார்.
"ஆத்துல தண்ணி இல்ல."

அமேசானில் தண்ணீர் இல்லையாம்.
சிரித்துவிட்டேன்.
இதே மனுஷன்தான் முதல் தடவை போனபோது சொன்னார்:
கரை கண்ணில் படும் முன்பே
நடுக்கடலில் வாளி இறக்கினோம்,
நாக்கில் வைத்தால் உப்பில்லை.
ஆற்றுக்குள் ஐந்நூறு மைல் ஏறிய பிறகும்
கடலின் ஓதம் வந்து கப்பலைத் தொட்டுப் பார்த்தது.
போன தூரம் வரை குறுக்கே ஒரு பாலம் இல்லை.

நம்முடைய ஆறு?
கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து
குழித்துறைப் பாலத்தைக் கடந்து
தேங்காய்ப்பட்டணத்தில் உப்பாகிவிடும்.
இரண்டு பஸ் மாறினால் தீர்ந்தது ஆறு.

அங்கே கட்டன்காப்பி நிறத்தில் ஓர் ஆறு,
பால்சாயா நிறத்தில் இன்னோர் ஆறு.
சந்தித்த பின்னும் நாலைந்து கல் தூரம்
பாகம் பிரித்த அண்ணன் தம்பி மாதிரி
ஒட்டாமல் போகிறதாம்.
இங்கே முக்கடல் என்று கைநீட்டிவிட்டு,
எது எந்தக் கடல் என்று கேட்கிறவர்களுக்கு
வர்ண மணல் பொட்டலம் விற்கிறோம்.

என் மரங்களும் அந்த ஊர்க்காரிகள்.
அங்கே காட்டுக்குள்
கூப்பிடு தூரத்துக்கு ஒன்றாக நிற்பார்கள்.
வரிசையாய் நட்டால் இலைநோய் பரவி முடித்துவிடும்.
இங்கே நோய் கப்பலேறி வரவில்லை.
அதனால் முந்நூற்றுப் பதினாறு மரம்
பள்ளிக்கூட அசெம்பிளி போல
என் கத்திக்குக் காத்து நிற்கிறது.
மத்தியானம் அவிக்கிற மரச்சீனியும் அங்கிருந்து வந்ததுதான்.
அவர்கள் அதை அரைத்து, பிழிந்து, வறுத்து,
பூனைமீசை வைத்த மீனோடு தின்கிறார்கள்.
"நெத்திலிக்கு ஈடில்ல," என்கிறார்.

"ஏன் வற்றியது?" என்று கேட்டேன்.
ஆற்றுக்கு மேலே வானத்தில்
கண்ணுக்குத் தெரியாத இன்னோர் ஆறு ஓடுகிறதாம்.
ஒவ்வொரு மரமும் வேரால் குடித்து
இலையால் ஊதிவிடும் தண்ணீர்.
காற்று அதை மேற்கே தள்ளிப்போக,
பனிமலை மறித்துத் தெற்கே திருப்பிவிட,
எங்கோ ஒருவன் வயலில் மழையாகும்.
காடு எரிந்தால் அந்த ஆறு மெலியும்.
எரிந்த இடத்தில் மாட்டுப்பட்டி, பிறகு சோயா.

"நீங்க ஏத்தப் போறது என்ன?"

கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம் மட்டும்.
"சோயாதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
இந்த வீட்டு மேற்கூரை அந்தச் சம்பளம்.
ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ரப்பர்
முளைத்த சரிவிலும் முன்பு ஒரு காடு இருந்தது.
அதில் நின்ற மரங்களின் பெயர்
கமலபாய்க்கும் தெரியாது,
முதலாளிக்கும் தெரியாது,
எனக்கும்.

தண்ணீர் ஏற இன்னும் எத்தனை நாளோ,
கரையில் சேறு வெடித்துக் கிடக்கிறதாம்.
இங்கே கழற்றாமல் விட்ட சிரட்டைகளில்
மழை நிறைந்து வழிகிறது,
வெள்ளையாய் இல்லை, அவ்வளவுதான்.
"கொஞ்சம் இங்க அனுப்பேன்," என்றார்.
கதவைத் திறந்து
போனை முற்றத்துக்கு நீட்டிப் பிடித்தேன்.
கை நனைந்தது.

"கேக்குதா?"

"மீன் பொரிக்குத சத்தம் போல இருக்கு."