இடது கன்னம்

புன்டா அரேனாஸில்
வெயிலுக்கென்று ஒரு சிக்னல் கம்பம் உண்டு.
பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா.
ஊதா என்றால் வீட்டுக்குள் போ.
யாரும் போவதில்லை.
கார்க்கதவைக் காற்று பிடுங்கிக்கொண்டு போகிற ஊரில்
எட்டு டிகிரிக் குளிரில் அடிப்பதை
வெயில் என்று யார் ஒப்புக்கொள்வார்கள்?

மேலே ஓசோனில் ஓட்டை என்றார்கள்.
பள்ளிக்கூடத்து நாளில் அண்ணாந்து தேடினேன்.
ஒரு கிழிசலும் தெரியவில்லை.
கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

இப்போது எனக்குச் சம்பளம் அந்த ஓட்டையால்.
சால்மன் தோலை வேகவைத்து
நொதி விட்டுக் கரைத்து
உலர்த்திப் பொடியாக்குகிறோம். கொலாஜன்.
முடியில்லாத எலிகளுக்குப் பாதிப் பேருக்கு அதைக் கொடுத்து
எல்லோரையும் ஊதா விளக்கின் கீழ் கிடத்துகிறோம்.
பத்து வாரம் கழித்து
முதுகில் சிலிக்கான் பசை தடவி உரித்தால்
சுருக்கங்கள் அச்சாக வரும்.
பொடி தின்ற முதுகில் கோடுகளின் ஆழம் குறைவு.
கொஞ்சம்தான்.
விளம்பரக்காரர்கள் அந்தக் கொஞ்சத்தை மட்டும் கேட்பதில்லை.

தோல் வருவது நத்தாலெஸிலிருந்து,
மூன்று மணி நேரம், நோல்பெர்தோ பாரியாவின் லாரியில்.
எடைமேடையில் வண்டி நிற்கும்போது
அவருடைய ஜன்னலும் என்னுடைய ஜன்னலும் நேருக்கு நேர்.
ரசீது நீட்டுவேன். கையெழுத்துப் போடுவார்.
காய்ந்து கருவாடான கன்னம்,
கண்ணுக்குக் கீழே தொங்கும் பை,
காதிலிருந்து தாடைவரை உழுதுபோட்ட நிலம்.
ஓய்வு பெறும் வயதில் இந்த மனுஷனை
இன்னும் ஓட்டவிடுகிறார்களே என்று
நான்கு வருஷம் பரிதாபப்பட்டேன்.

அக்டோபரில் ஒருநாள் புயல்.
லாரியைத் திருப்பி நிறுத்திவிட்டு
காப்பி கேட்டு உள்ளே வந்தார்,
வலது பக்கமாக.
யார் நீங்கள் என்று கேட்டுவிட்டேன்.
நாற்பத்திரண்டு வயது.
மழமழவென்று, சவரம் செய்த, கூச்சப்படுகிற கன்னம்.

காலையில் தெற்கே வருகிறார்: கிழக்கு இடது கையில்.
மாலையில் வடக்கே திரும்புகிறார்: மேற்கும் இடது கையில்.
போகும்போதும் அதே கன்னம், வரும்போதும் அதே கன்னம்.
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு
வைக்கிற மாமியார் அந்தச் சூரியன்.

எலிக்கு வைத்திருந்த பசையில்
இரண்டு பக்கமும் அச்செடுத்தேன்.
வலது, ஏரி.
இடது, நத்தாலெஸுக்கு மேற்கே உடைந்து கிடக்கும்
கடற்கால்களின் வரைபடம்.
உருப்பெருக்கியில் பார்த்து
"இங்கேதான் என் தம்பி வலை போடுவான்" என்றார்
ஒரு மடிப்பைத் தொட்டு.

ஒரு பொட்டலம் பொடி கொடுத்தேன்.
முகர்ந்து பார்த்தார்.
"மிலென்கா, இந்த மீன் வெயிலைப் பார்த்ததுண்டா?"
கூண்டில், கருத்த நீரில், இருட்டில் வளர்ந்தது.
"வெயிலே தெரியாத தோலுக்கு
வெயிலைத் தடுக்க யார் சொல்லிக்கொடுத்தது?"
குடலில் துண்டுதுண்டாகும், ரத்தத்தில் ஏறும்,
நம் தோலை உசுப்பிவிடும் என்று நம்புகிறோம் என்றேன்.
நம்புகிறோம் என்ற சொல்லில்
அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

நவம்பரில் வந்த லாரியில்
இடது கண்ணாடி பாதி மறைந்திருந்தது.
ஐந்து சால்மன் தோல்கள், உப்பிட்டு, காயவைத்து,
ஓரம் தைத்து, திரைபோல.
செதில் உதிர்ந்த குழிகள் வழியே
தேன் நிறத்தில் சலித்து வந்த வெளிச்சம்
அவர் கன்னத்தின் ஓடைகளில் இறங்கியது.
நாற்றம் எனக்கு இங்கே அடித்தது.
போலீஸ் இரண்டு தடவை அபராதம் போட்டதாம்.
"குடிக்க முடியவில்லை, அதனால் மாட்டிக்கொண்டேன்."

அக்டோபர் கடைசி லோடில்
ஒன்றரைக் கிலோ குறைந்த கணக்கு அப்போது நேரானது.
பதிவேட்டில் காரணம் என்ற கட்டம்
அன்றுவரை வெறுமையாகவே இருந்தது.
எடுத்து எழுதினேன்:
வெயில்.